மாமியாரை வாத்து என்று கூப்பிட்டவர்கள்

என் மாமியார் திருச்சியில் 32 வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் திருத்துகிற வேலையை மட்டும் விடவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட கை சிவப்புப் பேனாவைத் தேடும். போன கோடையில் மூன்று மாதம் எங்களோடு இருக்க இங்கிலாந்தில் உள்ள நாட்டிங்காமுக்கு வந்தார்.

வந்த இரண்டாம் நாளே பஸ். அத்தை தன் கையாலேயே சில்லறையை எண்ணிக் கொடுத்தார். டிரைவர் வாங்கிப் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, "டா, மி டக்" என்றார்.

சீட்டில் உட்கார்ந்த பிறகும் அத்தையின் முகம் சரியாகவில்லை.

"ஏம்மா, அவன் என்னை 'டா' போட்டான்ல?"

"அது தேங்க்ஸ் அத்தை. இங்கே சுருக்கமா 'டா'ன்னுவாங்க."

"அப்புறம் வாத்துன்னான்."

"அது செல்லமா. நம்ம ஊர்ல கண்ணு, ராசாத்தின்னு சொல்ற மாதிரி."

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார். பிறகு ஆற்றாமையோடு சொன்னார்: "சரி, வாத்தாவே இருக்கட்டும். ஆனா அது 'மை டக்'. 'மி டக்' எப்படி வரும்?"

நாட்டிங்காம், டெர்பி, ஸ்டோக் பக்கமெல்லாம் இந்த வாத்து இல்லாமல் பேச்சே கிடையாது. "ஏய் அப், மி டக்" என்றால் 'என்ன, சௌக்கியமா' என்று அர்த்தம். கிழவி, குழந்தை என்ற பேதமில்லை. மீசை வைத்த இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் வாத்து என்று கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். நாம் கிளி, மயில், குயில் என்று பாதிக் காட்டையே பெண்களுக்கு எழுதி வைத்திருக்கிறோம், ஆனால் வாத்துக்கு மடையனோடுதான் இடம் கொடுத்தோம். "32 வருஷம் வாத்தியாரா இருந்தேன், இப்ப வெறும் வாத்து" என்று அத்தை மாமாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை வரை கேட்டது.

அடுத்த மாதம் வடக்கே ஒரு சுற்று போனோம். நியூகாசிலில் ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் சாவியைக் கொடுத்து "ஹியர் யூ ஆர், பெட்" என்றாள். கிளாஸ்கோ டீக்கடையில் அந்த அம்மாள் அத்தையை "ஹென்" என்றார். "வாத்து, செல்லப்பிராணி, இப்ப கோழி. இன்னும் வடக்கே போனா முட்டை போடச் சொல்லுவாங்க போல" என்று சொல்லிவிட்டு இன்னொரு ஸ்கோன் கேட்டார்.

பிரிஸ்டலில்தான் ஆபத்து. பேக்கரியில் எழுபது வயதுக்குக் குறையாத ஒரு தாத்தா, ரொட்டியைச் சுற்றிக்கொண்டே அத்தையை நிமிர்ந்து பார்த்து, "ஆல் ரைட், மை லவர்?" என்றார். அந்தப் பக்கத்தில் அது 'வாங்க, வாங்க' அளவுக்குச் சாதாரணம். என் கணவர் சட்டென்று கேக் அலமாரிப் பக்கம் திரும்பி விலைப்பட்டியலை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்கு இது தெரியக்கூடாது என்று ராத்திரி என்னிடம் ரகசியம் வேறு. அத்தையோ அதற்குள் மாமாவிடமே சொல்லி முடித்திருந்தார். "அவர் 'மை'ன்னு சரியாத்தான் சொன்னார்" என்று நற்சான்றும் சேர்த்து.

வாத்து அவரை விடவில்லை. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினார். ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'. போருக்குப் புறப்படும் பிஸ்டல் என்கிற வாய்ச்சவடால் பேர்வழி தன் மனைவிக்குப் புத்தி சொல்லும் இடத்தில் அவளை 'மை டக்' என்கிறான். 1599 வாக்கிலேயே வாத்து உண்டு. "வாத்து பாஸ், 'மி' ஃபெயில்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது ஒரே இடத்தில்தான். மூட்டு வலித் தைலம் வாங்கப் போன மருந்துக்கடையில் ஒரு பையன் குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல் இழுத்து, "ஹவ் ஆர் வீ டுடே, யங் லேடி?" என்றான். அத்தைக்கு 67 வயது. வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். "நாம எப்படி இருக்கோமாம். ஏன், அவனுக்கும் மூட்டு வலியா? இளம்பெண்ணுன்னு இளம்பெண்ணை யாராவது கூப்பிடுவாங்களா?" எனக்கும் அதேதான் தோன்றியது. வாத்து என்பவர்கள் எல்லோரையும் வாத்து என்கிறார்கள். இவன் நரைத்த முடியைப் பார்த்த பிறகல்லவா அந்த வார்த்தையை எடுக்கிறான்!

ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அத்தை டிரைவரைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்து, "டா, மை டக்" என்றார். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு நிமிடம் தாமதமாகத்தான் புறப்பட்டது.

திருச்சி போய்ச் சேர்ந்த நாலாம் நாள் மாமாவிடமிருந்து போன். வழக்கமாக வரும் கீரைக்காரர், "பாட்டி, நல்லா இருக்கீங்களா? வெளிநாடெல்லாம் போயிட்டு வந்தீங்களாமே" என்று பிரியமாகக் கேட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதப் பழக்கம், அத்தையின் வாயில் "டா" வந்துவிட்டது. மனிதருக்கு அறுபது வயதிருக்கும். கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாராம். பாட்டி என்று சொன்னதற்கு டீச்சர் பழி வாங்கிவிட்டார் என்று தெருவே பேசுகிறதாம்.

சமாதானத்துக்காக அத்தை இப்போது தினமும் மூன்று கட்டு கீரை வாங்குகிறார். மாமாதான் பாவம்.