ஸ்டவுட்டை ஐஸ் போலக் குளிரவைக்காதீர்கள்

வெள்ளவத்தைப் பக்கம் எங்கள் ஆட்களுக்கு பியர் என்றால் லாகர்தான். இந்தப் புழுக்கத்துக்கு அது சரி. குளிரில் மெதுவாக நொதிப்பதால் பழவாசம் எதுவும் இல்லாமல் லேசாக இறங்கும்.

ஸ்டவுட் என்கிற கறுப்பு பியர் வேறு ரகம். அந்தக் கறுப்பும், கோப்பி, சொக்லேட் வாசமும் கருக வறுத்த வாற்கோதுமையால் வருவது. லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 சதவீதம், லாகர் மாதிரி மடமடவென்று இழுத்தால் ஆளைச் சாய்த்துவிடும். பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வையுங்கள், குளிர் குறையக் குறைய வாசம் எழும்பும். கூடவே இனிப்புக்கு ஒரு துண்டு வட்டிலப்பம். (சிரிக்காதீர்கள், சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.)

ஜேர்மன் கோதுமை பியரில் வாழைப்பழமும் கராம்பும் மணக்கும். இரண்டுமே அதில் இல்லை, எல்லாம் ஈஸ்ட்டின் வேலை.

அப்புறம், நாளைக்குப் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. மதுக்கடை பூட்டு. வாங்குகிறவர்கள் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.