ஒரு துறை கேட்டார்கள்

“மனிதர் மற்றும் கால்நடை நடமாட்டம் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும்.” பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் பராமரிப்பு அறிக்கையின் நான்காம் பக்கத்தில் இந்த வரியை எழுதியவன் நான். பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அதில் ‘மனிதர்’ என்ற சொல்லை ஏன் சேர்த்தேன் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கால்நடையைத் தடுத்தது சரிதான். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரக் கன்றின் தளிரை ஆடு, மாடுகள் விட்டுவைப்பதில்லை. ஓர் இரவில் மொட்டையான வரிசைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் புதிதாக வெட்டிய வாய்க்காலில் இறங்கிய இருளர் பெண்கள் கன்றுக்காக வந்தவர்கள் அல்லர். நீரில் மண்டியிட்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்ந்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறி என்ற கூடைக்குள் அகப்பட்ட இறாலைப் போடுவார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. அவர்கள் இறங்கி ஏறும் கரைச்சரிவில் சில கன்றுகள் மிதிபட்டிருந்தன என்பதும் உண்மை. எண்ணிப் பார்த்தேன், ஏழு.

தடையைச் சொல்லப் போனபோது அவர்களில் மூத்தவர் கரையில் உட்கார்ந்து, ஆளிச் சிப்பி கிழித்த விரலைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “எறங்க ஒரு தொறை காட்டு தம்பி. அது வழியாவே எறங்கி ஏறிக்கிறோம். மத்த எடத்துல கால் வெக்க மாட்டோம்” என்றார். “அறிக்கை ஒப்புதலுக்குப் போயிடுச்சு ஆயா. ரெண்டே வருஷந்தான், கன்னு தலையெடுத்ததும் தெறந்துடுவாங்க” என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. துணியின் முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

ஒரு துறை என்பது நான்கு முளைக்குச்சி அடிக்கும் வேலை. அதை மறுக்க என்னிடம் காரணம் இருந்தது, இப்போதும் இருக்கிறது: இவர்களை அனுமதித்தால் இரவில் வாய்க்கால் முகத்தில் வலை கட்டுகிறவர்களை எப்படித் தடுப்பது? காவலுக்கு இருந்தவர்களோ இரண்டே பேர். எல்லோருக்கும் தடை என்றால் அவர்களுக்கு வேலை எளிது. ஆனால் அது காவலின் சிரமமே தவிர, காட்டின் தேவை அன்று.

காடு ஏன் அழிந்தது என்பதை அதே அறிக்கையின் முதல் பக்கத்தில் விளக்கியவனும் நான்தான். ஆங்கிலேயர் காலத்தில் காட்டைக் கூப்பு எனப்படும் பகுதிகளாகப் பிரித்து மரங்களை மொத்தமாக வெட்டியதால் வெயில்பட்ட நிலம் உள்வாங்கிப் பள்ளமானது. ஓதத்தில், அதாவது கடல் பொங்கும்போது, ஏறிய நீர் வடிய வழியின்றித் தேங்கி, வற்றி, உப்பு மிகுந்து, புதிய கன்று எதையும் வளர விடவில்லை. அந்த நீரை ஓடவிடத்தான் 1990களிலிருந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. எங்கள் வாய்க்காலைக் கூலிக்கு வெட்டியவர்களில் அந்தப் பெண்களின் வீட்டாரும் இருந்தார்கள். நீர்நிலையின் மீன் முதலியவற்றின் மீதான உரிமையைச் சமூக உரிமையாகச் சொல்லும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை நான் அதற்கு முன்பே படித்திருந்தேன். எழுதும்போது அதை நினைக்கவில்லை.

இரண்டு ஆண்டு முடிவதற்குள் எனக்கு வேறு பணி வந்துவிட்டது. அடுத்த அறிக்கையிலும் அந்த வரி அப்படியே இருந்ததாக அங்கே தொடர்ந்த நண்பர் சொன்னார். முந்தைய அறிக்கையைப் பார்த்துத்தானே அடுத்ததை எழுதுவோம். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

2022இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். ஈரநிலத்தை அறிந்து பயன்படுத்தச் சொல்லும் உடன்படிக்கை அது. பூட்டி வைக்கச் சொல்வது அன்று. சென்ற மாதம் போனபோது அந்தக் கன்றுகள் என் தலைக்கு மேல் வளர்ந்து நின்றன. நீர் ஓடியதால் வளர்ந்தனவா, ஆட்களைத் தடுத்ததால் வளர்ந்தனவா என்று படகிலிருந்தவாறே யோசித்தேன். அதை அறிய ஒரு வாய்க்காலையாவது அவர்களுக்குத் திறந்து வைத்திருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் சேர்த்தே மூடச் சொல்லியிருந்தேன்.