குவாட் பலகைகளுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர்

நவம்பர் 4, 2023, சனி

பலகைகள் இரண்டும் ஒருவழியாகக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. குவாட் இ.எஸ்.எல். இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் இருந்து பீட்டர் வாக்கர் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்நிலை ஸ்பீக்கர். "ஊட்டி ஹோட்டலில் இருக்குமே, அந்த ஹீட்டரா?" என்றாள் மனைவி. பார்க்க அப்படித்தான் இருக்கிறது.

உள்ளே கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை. துளையிட்ட தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம். பாஸ் பகுதியின் படலத்தில் 6,000 வோல்ட், ட்ரெபிள் படலத்தில் 1,500 வோல்ட் நிற்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி பிளக். வீட்டில் இருக்கும் 100 வாட் ஆம்ப்ளிஃபயரை இதனுடன் இணைக்கப் போவதில்லை. முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

நவம்பர் 5, ஞாயிறு

10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஸ்பீக்கருடன் தொடராக இணைத்து, கணினியிலிருந்து ஒற்றைச் சுரங்களைச் சன்னமாக அனுப்பினேன். ஸ்பீக்கரில் விழும் வோல்டேஜை ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் அந்தச் சுரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் மின்தடை ஓம் கணக்கில் வந்துவிடும். சாதாரண மல்டிமீட்டர் உயர்ந்த அலைவெண்களில் குறைத்துக் காட்டும் என்பதால் மின்னலைகளைத் திரையில் காட்டும் பழைய ஆசிலோஸ்கோப்பைத் தூசி தட்டினேன்.

கீழ்ச் சுரங்களில் 30 ஓமை ஒட்டி நிற்கிறது. மேலே போகப் போகச் சரிகிறது. 18 கிலோஹெர்ட்ஸில் 2 ஓம்கூட இல்லை! ஸ்பீக்கர் என்ற பெயரில் வீட்டில் இருப்பது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டர். இந்தச் சுமையைக் கண்டால் சில டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் தாமாகவே ஊசலாடத் தொடங்கும்; காதுக்கு எட்டாத அலைவெண்ணில் கொதித்து, கடைசியில் ஃபியூஸையோ டிரான்சிஸ்டரையோ பலி வாங்கும். விளம்பரத் தாளில் "8 ஓமில் 100 வாட்" என்று போடுகிறவர்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

நவம்பர் 8, புதன்

மச்சான் தொலைபேசியில் வந்தார். "மாப்பிள்ளை, இந்த மாதிரி ஸ்பீக்கருக்கு 200 வாட்டாவது வேண்டும். பெரிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்."

மற்றப் பல ஸ்பீக்கர்களுக்கு அவர் சொல்வது சரி. மேக்னபான் என்ற வேறு நிறுவனத்தின் பலகை ஸ்பீக்கர்களை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 4 ஓமிலேயே நிற்கும். ஆனால் கொடுத்ததையெல்லாம் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும். சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும், 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. அங்கே பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவைதான்.

இங்கே கதை தலைகீழ். இந்தக் குவாட் தாங்குவது உச்சத்தில் 33 வோல்ட். 8 ஓமில் 100 வாட் என்றால் உச்சம் 40 வோல்ட். மிருதங்கத்தில் ஒரு சாப்பு ஓங்கி விழுந்தால் போதும், ட்ரெபிள் படலத்தில் பொறி பறந்து ஓட்டை விழும். மச்சானிடம் இதைச் சொன்னேன். "அப்படியும் ஒரு ஸ்பீக்கரா?" என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. தெருவெங்கும் வெடி. இன்று எதைக் கேட்பது?

நவம்பர் 18, சனி

ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் பழைய ஆடியோ பழுது பார்க்கும் பெரியவரிடம் குவாட்டின் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. 1975-இல் வந்த 405. 1967-இல் வந்த 303. எல்லோரும் 405-ஐத்தான் கேட்கிறார்களாம். அது 100 வாட். இந்த ஸ்பீக்கருக்கென்றால் அதற்குள் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சிறு சர்க்யூட் பலகை ஒன்று சேர்க்க வேண்டும். 303 வெறும் 45 வாட்.

மூடியைக் கழற்றிக் காட்டினார். "தம்பி, இதில் சப்ளை ஒன்றே ஒன்றுதான், 67 வோல்ட். வெளியே போவது கெப்பாசிட்டர் வழியாக. அலை மேலே பாதி, கீழே பாதிதான் போக முடியும். பாதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்." போட்டேன்: முப்பத்து மூன்றரை. அதிலும் கொஞ்சம் டிரான்சிஸ்டர்களிலேயே போய்விடும். எவ்வளவு முறுக்கினாலும் ஸ்பீக்கரின் எல்லையைத் தாண்ட இதற்கு வழியே இல்லை. காவலுக்குத் தனிச் சுற்று எதுவும் வைக்காமல் சப்ளையிலேயே கதவை அடைத்திருக்கிறார்கள். பேரம் பேச மனம் வரவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

இரவல் வாங்கிய குவாட் II வால்வு ஆம்ப்ளிஃபயரையும் 303-ஐயும் மாற்றி மாற்றிக் கேட்டேன். குவாட் II வெறும் 15 வாட், கே.டி.66 வால்வுகள். இந்தப் பலகைகள் பிறந்த காலத்துக் கூட்டாளி அதுதான்.

வால்வில் வயலின் குழைகிறது. அந்தக் குழைவில் பாதிக்குக் காரணம் எளிமையானது. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு உள்தடை சற்று அதிகம். ஸ்பீக்கர் 2 ஓமுக்குச் சரியும் இடத்தில் வோல்டேஜின் ஒரு பங்கு அந்த உள்தடையிலேயே நின்றுவிடும், உச்சச் சுரங்கள் மங்கும். 'வால்வின் இனிமை' என்று உருகுகிறவர்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். 303-இல் வில் நரம்பைத் தொடும் சுரசுரப்பு தெரிகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் பட்டு எடுப்பதுகூடத் தனியாகக் கேட்கிறது. இடப்பக்கத் தொப்பியின் கும்கி மட்டும் இரண்டு ஆம்ப்ளிஃபயரிலுமே மெலிவுதான். அது பலகையின் குணம்.

ஒயர் விஷயத்தில் பெரிதாகச் செலவு செய்யவில்லை. வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் செம்புக் கம்பி, பக்கத்துக்கு நாலு மீட்டர். போக வரச் சேர்த்து 0.06 ஓம். 2 ஓமுக்கு முன்னால் அது மூன்று சதவீதம், போகட்டும்.

நவம்பர் 25, சனி

மழை ஈரத்தில் இடது பலகை 'உஸ்' என்கிறது. 6,000 வோல்ட் ஈரக்காற்றில் கசிகிறது. ஏ.சி.யை டிரை நிலையில் ஓட விட்டதும் அடங்கியது. 303-தான் என்று முடிவாகிவிட்டது. 100 வாட் ஆம்ப்ளிஃபயர் மச்சான் வீட்டுக்குப் போகிறது. அவருடைய பெட்டி ஸ்பீக்கர்களுக்கு அது பொருத்தம். அடுத்த வாரம் 303-இன் வெளியீட்டு கெப்பாசிட்டர்களை மாற்ற வேண்டும், பழசு வீங்கத் தொடங்கியிருக்கிறது. பெரியவரிடம் சொல்லி வைத்தாயிற்று.