நோகாத கட்டி

2025 ஒக்டோபர் 5, ஞாயிறு

மலையில் வேலை இல்லாத நாள். இந்தத் தேயிலைத் தோட்டத்து மிட்வைஃப் நான். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் பெண்பிள்ளைகளைக் கூட்டினேன். பதினேழு பேர் வந்தார்கள். பாதிப் பேர் உயர்தரம் படிக்கிறவர்கள், மிச்சப் பேர் ஹட்டனில் கடைகளில் நிற்கிறவர்கள். மார்பகப் புற்றுநோய் என்று சொன்னதுமே எல்லாத் தலையும் குனிந்துவிட்டது. ஒருத்தி ஷோலை இழுத்து மூடிக்கொண்டாள். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதற்குத்தான் முதலிடம் என்றேன். அப்போதும் யாரும் நிமிரவில்லை.

ஒரு பிள்ளை மட்டும் கேட்டாள். "மிஸ், ஆறாம் வகுப்புல எங்களுக்கு கென்சர் ஊசி போட்டாங்களே. அப்புறம் எப்படி வரும்?"

எனக்குப் பகீரென்றது. 2017இலிருந்து தரம் 6 மாணவிகளுக்குப் போடுகிற அந்த ஊசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கு. மார்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை பிள்ளைகள் இதே நம்பிக்கையோடு இருக்கிறார்களோ! ஊசி போடுகிற அன்றைக்கே இதையும் சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 8, புதன்

வேலை முடிந்து சித்தி வீட்டுக்குப் போனேன். சித்திக்கு இடது மார்பில் கட்டி வந்தபோது 43 வயது. பால் கட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தார். கடைசிப் பிள்ளைக்கு அப்போது 14 வயது. ஏன் சித்தி யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் அதே பதில்தான்: "நோகலியே."

நம் தோட்டங்களில் நோவு வந்தால்தான் வருத்தம். நோகாத ஒன்றைக் காட்ட ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு யார் பஸ் ஏறுவார்கள்? ஆனால் இந்தக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது. சித்தி கண்டிக்குப் போனபோது அக்குள் நெறிக்கும் பரவியிருந்தது. மார்பை எடுத்துவிட்டார்கள். ஆறு வருடமாகிறது, நல்லபடியாக இருக்கிறார்.

பழைய சீத்தைத் துணியில் சின்னப் பை தைத்து, பஞ்சும் கடுகும் நிரப்பி, சட்டைக்குள் வைத்துக்கொள்வார். பாரம் சரியாக இல்லாவிட்டால் தோள் ஒரு பக்கம் இழுக்குமாம். அந்தப் பையைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் யோசனை வந்தது.

"சித்தி, இதே மாதிரி மூணு தச்சுத் தாங்க. உள்ள ஒரு கடலையும் போடுங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எந்த இடத்துல வைக்க?"

"உங்களுக்கு எங்க இருந்துச்சோ, அங்க."

ஒக்டோபர் 12, ஞாயிறு

இன்றைக்கு இருபத்து மூன்று பேர். பைகள் கைக்குக் கை போயின. முதல் பிள்ளை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள், கொழுந்து பறிக்கிற மாதிரி. கிள்ளக் கூடாது, நடு மூன்று விரல்களின் உள்பக்கத்தைத் தட்டையாக வைத்துச் சின்ன வட்டமாக அழுத்து, முதலில் மெதுவாக, அப்புறம் ஆழமாக என்று காட்டிக்கொடுத்தேன். அக்குள் பக்கமாக மேலே போனதும் அவள் கை நின்றுவிட்டது. "இருக்கு மிஸ்!" துணிப்பை என்பதால் வெட்கம் எங்கே போனதோ தெரியவில்லை. ஆளுக்கு ஆள் பறித்துத் தேடினார்கள்.

அதன் பிறகு மற்றதெல்லாம் சுலபமாகப் பேச வந்தது. 20 வயதிலிருந்து மாதம் ஒரு தடவை, மாதவிடாய் தொடங்கி ஒரு கிழமை போனதும், குளிக்கும்போது சவர்க்காரக் கையோடு பார்க்கலாம். கண்ணாடி முன்னால் கையைத் தூக்கியும் பார்க்க வேண்டும். தோல் தோடம்பழத் தோல் மாதிரி குழி விழுந்திருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா, இரத்தம் கசிகிறதா என்று. இந்த வயதில் வரும் கட்டிகளில் அநேகமானவை புற்றுநோய் இல்லை. ஆனாலும் காட்டித்தான் ஆக வேண்டும்.

வராமல் தடுக்க முடியாதா என்று கேட்டார்கள். உடம்பு எடை, உடற்பயிற்சி, பிள்ளைக்குத் தாய்ப்பால், மதுவைத் தொடாமல் இருப்பது, இவை ஆபத்தைக் குறைக்கும். முழுக்கத் தடுக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். 35 தாண்டிய அம்மாமாரை, பெண்களைப் பரிசோதிக்கும் வெல்வுமன் கிளினிக்குக் கூட்டி வரச் சொன்னேன். காசு இல்லை, மார்பையும் பார்ப்பார்கள், கருப்பைக் கழுத்தையும் பார்ப்பார்கள்.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மேல் லயத்தில் பலகாரம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டுநாயக்கவில் கார்மெண்டில் வேலை செய்யும் மூத்த பிள்ளை லீவில் வந்திருந்தாள். 22 வயது. தாய் வடை சுட்டுக்கொண்டிருக்க, தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் என்னைக் கூட்டிப்போனாள்.

"தங்கச்சி அந்தப் பையைப் பத்திச் சொன்னா மிஸ். எனக்கு ஒண்ணு இருக்கு. நோகல. அதுதான் பயமா இருக்கு."

உள்ளே போய்ப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவு, வழுவழுப்பு, விரலுக்குப் பிடிபடாமல் நழுவி ஓடியது. எனக்கு ஓரளவு நம்பிக்கை வந்தாலும் எதுவும் சொல்லவில்லை. கையை வைத்து முடிவு சொல்வது என் வேலை இல்லை. புதன்கிழமை திரும்பிப் போகவேண்டியவள். லீவை நீட்டச் சொல்லி அங்கேயே போன் எடுக்க வைத்தேன்.

ஒக்டோபர் 23, வியாழன்

அவளோடு நுவரெலியாவுக்குப் போய் வந்தேன். ஸ்கேன் எடுத்து, ஊசியாலும் கொஞ்சம் எடுத்தார்கள். பார்வைக்கு பைப்ரோஅடினோமா மாதிரித்தான் இருக்கிறது, இளம் பெண்களுக்குச் சாதாரணமாக வருவது, புற்றுநோய் இல்லை, ரிப்போர்ட் வந்ததும் உறுதியாகச் சொல்கிறேன் என்றார் டொக்டர். பிள்ளை அப்போதுதான் அழுதாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்துவிட்டு, "என்னா பிள்ள வருத்தம்?" என்று கேட்டார். வயிற்று வலி என்பாள் என்று நினைத்தேன்.

"மார்புல கட்டி. காட்டிட்டு வாறோம்."

அந்த அம்மா பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தலவாக்கலை தாண்டியதும் என் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில், "நீங்க மிட்வைஃப் மிஸ்தானே? கிளினிக் எந்தக் கிழமை?" என்று கேட்டார்.