லீவர் வந்தது, மூடி வரவில்லை

உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் பெட்ரோல் விளக்கு எரிந்தது. திருச்சிக்கு இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல் இருந்ததால், அடுத்து வந்த பங்க்கில் வண்டியை விட்டேன். "டேங்க் எந்தப் பக்கம்மா?" என்று அப்பா கேட்டார். மீட்டரில் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம் இருக்கும். அது காட்டுகிற பக்கம்தான் டேங்க். எங்களுக்கு இடப்பக்கம். இத்தனை வருடம் கார் ஓட்டிய அப்பா அதைக் கவனித்ததே இல்லை. போன வருடம் வரை நானும்தான்.

டேங்க் மூடியைத் திறக்க, டிரைவர் சீட்டுக்குக் கீழே, வலது ஓரத்தில் இருக்கும் லீவரை இழுத்தேன். வழக்கமாகக் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு, பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அன்று லொடலொடவென்று சும்மா வந்தது. சத்தமே இல்லை.

பங்க் பையன் இதற்கெல்லாம் பழக்கப்பட்டவன். "அக்கா, நீங்க இழுத்துப் பிடிங்க, விடாதீங்க" என்று சொல்லிவிட்டு மூடியை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விட்டான். இது நல்ல வழிதான். மூடியைத் தள்ளிவிடும் ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தாலோ, தூசி அடைத்து மூடி ஒட்டிக்கொண்டிருந்தாலோ, ஒருவர் லீவரைப் பிடித்திருக்க இன்னொருவர் அழுத்தி விட்டால் பெரும்பாலும் திறந்துவிடும். ஆனால் அதற்கு லீவர் இழுக்கும்போது கையில் கொஞ்சமாவது இறுக்கம் தெரிய வேண்டும். எனக்கு அது தெரியவே இல்லை. பின்னால் ஆரன் சத்தம் வேறு. பையன் ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்து நெம்பப் பார்த்தான். பெயிண்ட் போய்விடும் என்று நான் தடுத்துவிட்டேன்.

டீசலுக்காக வரிசையில் நின்ற வேன் டிரைவர் ஒருவர் இறங்கி வந்து லீவரை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "கேபிள் போயிடுச்சும்மா. டிக்கிக்குள்ள கைய விட்டுத்தான் எடுக்கணும்" என்றார். வண்டியைக் காற்று பிடிக்கும் இடத்துக்குத் தள்ளினோம். பம்ப் பக்கத்தில் செல்போன் டார்ச் அடிக்க அப்பா விடமாட்டார், அது சரியும்கூட.

டிக்கியைக் காலி செய்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. இரண்டு பெட்டி, அத்தைக்குக் கொண்டுபோன வடாம் டப்பா, ஒரு மூட்டைப் பழைய புத்தகம். எல்லாவற்றையும் தரையில் இறக்கி வைத்த பிறகு, இடப்பக்கச் சுவரை மூடியிருக்கும் அட்டையின் பிளாஸ்டிக் கிளிப்புகளை வேன் டிரைவர் கழற்றினார். ஒன்று உடைந்தது. உள்ளே இருட்டில், டேங்க் மூடிக்கு நேர் பின்னால் விரல் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் முளை. மூடியின் கொக்கியைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். லீவர் செய்வதெல்லாம் கேபிள் வழியாக இந்த முளையைப் பின்னுக்கு இழுப்பது மட்டுமே. அவர் இரண்டு விரலால் இழுத்தார். வெளியே 'டொக்'. அந்தச் சத்தம் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல!

போவதற்கு முன், வடாம் டப்பாவைக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்து, முளையின் பின்முனையில் முடிச்சுப் போட்டு டிக்கிக்குள் தொங்கவிட்டார். டீக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. வரிசையில் மறுபடி நின்றபோது அதே பையன், "ஜீரோ பாத்துக்குங்கக்கா" என்று சிரித்தான்.

மறுநாள் திருச்சியில் மெக்கானிக்கிடம் காட்டினேன். முளையைச் சுற்றித் தூசியும் துருவும் இறுகியிருந்ததாம். சில வாரமாகவே லீவர் கடினமாக இருந்தது உண்மை. நானும் பலம் கொண்ட மட்டும் இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த இழுப்பில்தான் கேபிள் அறுந்திருக்கிறது. அப்போதே முளையைத் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டிருந்தால் போதும் என்றார். பழைய கேபிளின் முனையில் புதியதைக் கட்டி, கார்ப்பெட்டுக்கு அடியில் மெல்ல உருவி மாற்றினார். கேபிளும் கூலியும் சேர்த்து 900 ரூபாய்.

கயிற்றை அவிழ்க்கப் போனவரை, அது அங்கேயே இருக்கட்டும் என்று தடுத்துவிட்டேன்.