ஒரே ஏட்டில் சுரங்கமும் வயலும்

இங்கிலாந்தின் வடபகுதியில் ஓர் ஆவணக் காப்பகத்தில் நான் பணியாற்றிய காலத்தில், என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டுக் காரியஸ்தர்களின் கடித ஏடுகளாகவே இருந்தன. நிலப்பிரபுவின் சார்பில் ஈயச் சுரங்கங்களையும் பண்ணை நிலங்களையும் கவனித்துவந்த காரியஸ்தர், தாம் அனுப்பும் கடிதம் ஒவ்வொன்றையும் தடித்த ஏடு ஒன்றில் படியெடுத்து வைத்துக்கொள்வார். அவற்றைப் படித்து, ஒவ்வொரு கடிதத்துக்கும் சில வரிகளில் சுருக்கம் எழுதி, ஆய்வாளர்கள் தேடி எடுக்கும்படி வகைப்படுத்துவதே எனக்குத் தரப்பட்ட வேலை. வகைப்பாட்டுத் திட்டம் எனக்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தது. சுரங்கம் ஒரு வரிசை, நிலம் மற்றொரு வரிசை. தாளில் பார்க்கும்போது தெளிவாகத் தோன்றிய அந்தப் பிரிவு, முதல் ஏட்டின் சில பக்கங்களைக்கூடத் தாங்கவில்லை. ஈயத்தின் விலையில் தொடங்கும் கடிதம் வைக்கோல் தட்டுப்பாட்டில் முடிந்தது. ஒரு குடியானவரின் குத்தகைப் பாக்கியைப் பற்றிய கடிதம், அவருடைய குதிரைகள் அந்த வாரம் எத்தனை சுமை தாது கொண்டுவந்தன என்ற கணக்கில் போய் நின்றது. அவற்றைப் பிரிக்க முடியாததற்கு என்ன காரணம் என்ற கேள்விதான் அந்தப் பணியில் நான் கற்றவற்றுக்கெல்லாம் வாசலாக இருந்தது.

வடக்குப் பென்னைன் மலைத்தொடரில் ஆலன்டேல், வியர்டேல், ஆல்ஸ்டன் மூர் ஆகிய பகுதிகள் அன்று பிரிட்டனின் முதன்மையான ஈயச் சுரங்கப் பகுதிகளில் அடங்கும். ஆலன்டேலின் சுரங்கங்கள் பிளாக்கெட் குடும்பத்துக்குச் சொந்தமானவை. சர் வில்லியம் பிளாக்கெட் 1680களின் இறுதியில் சர் ஜான் ஃபென்விக்கிடமிருந்து ஹெக்ஸம் பண்ணையையும் வாலிங்டன் பண்ணையையும் வாங்கினார். வியர்டேலில் கனிம உரிமை டர்ஹாம் ஆயருடையது. அதையும் அதே குடும்பம் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஆல்ஸ்டன் மூர் டெர்வென்ட்வாட்டர் பிரபுவின் சொத்தாக இருந்தது. பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்ற முயன்ற 1715ஆம் ஆண்டு யாக்கபைட் கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக அவர் 1716 பிப்ரவரியில் தலை துண்டிக்கப்பட்டார். 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25ஆம் தேதிதான் தொடங்கியது என்பதால், அந்தப் பிப்ரவரியைக் குறிக்கும் அக்காலத் தாள்களில் 1715 என்றே இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான கடிதங்கள் ஒவ்வொன்றிலும் ஆண்டைச் சரிபார்ப்பது எங்கள் அன்றாட வேலைகளுள் ஒன்று. பறிமுதலான அந்தப் பண்ணை 1735இல், முதிய கடற்படை வீரர்களைப் பராமரித்த கிரீனிச் மருத்துவமனைக்கு வழங்கப்பட்டது. அம்மருத்துவமனையின் நிலத்தில் சுரங்கம் நடத்திய பெரிய குத்தகைதாரர், 1692இல் சாசனம் பெற்ற லண்டன் ஈயக் கம்பெனி. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நிர்வாகத்தில் இருந்த அந்தக் கம்பெனி நென்ட்ஹெட் என்ற ஊரையே தன் தொழிலாளர்களுக்காக எழுப்பியது. மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் உரிமை வேறு, குத்தகை வேறு, பங்கு வேறு. வியர்டேலின் ஸ்டான்ஹோப் திருச்சபைக்கு ஈயத் தாதிலும் தசமபாகம் கிடைத்துவந்ததால், மலைக்காட்டிலிருந்த அந்தத் திருச்சபை நாட்டிலேயே வருமானம் மிகுந்தவற்றுள் ஒன்றாக விளங்கியது. இறையியல் அறிஞர் ஜோசப் பட்லர் 1725 முதல் 1740 வரை அங்கேதான் குருவாக இருந்தார்.

சுரங்கம் மண்ணுக்குள் இருந்தாலும் அது உயிர்வாழ்ந்தது மண்ணின் மேற்பரப்பை நம்பித்தான். சுரங்கத்தின் கூரையைத் தாங்க மரம் வேண்டும். தாதை உருக்கும் உலையில் நிலக்கரியோடு பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணும், சூளையில் உலர்த்திய விறகும் எரித்தார்கள். ஆகவே எந்தக் காட்டை எந்த ஆண்டு வெட்டுவது, எந்தச் சதுப்பில் யார் மண்ணை வெட்டி உலர்த்துவது என்ற முடிவுகள் அனைத்தும் நிலக் காரியஸ்தரின் கையில் இருந்தன. உலைத் துருத்தியை இயக்கியது நீர்ச்சக்கரம். ஓடையைத் திருப்பினால் கீழேயிருக்கும் மாவரைக்கும் ஆலைக்காரர் புகார் சொல்வார். கோடையில் ஓடை வற்றினால் உலை நிற்கும். குளிர்காலத்தில் உறைந்தால் தாது கழுவும் களம் நிற்கும். தாதும் ஈயமும் மலைப்பாதைகளில் மட்டக்குதிரைகளின் முதுகிலேறி உருக்காலைக்கும், அங்கிருந்து நியூகாசில் படகுத்துறைக்கும் போயின. அந்தக் குதிரைகள் பெரும்பாலும் பண்ணைக் குடியானவர்களுடையவை. வைக்கோலுக்குப் புல் அறுக்கும் பருவம் வந்துவிட்டால் எந்தக் கூலிக்கும் சுமை ஏற்றிச் செல்ல ஆள் வரமாட்டார்கள். லண்டனில் கப்பலுக்குக் காத்திருக்கும் வணிகருக்கு, மலைமேல் மழை விட்டுவிட்டதால் எல்லாரும் புல் அறுக்கப் போய்விட்டார்கள் என்று காரியஸ்தர் விளக்க வேண்டியிருந்தது. அத்தகைய கடிதத்தை எந்த வரிசையில் வைப்பது என்று எங்கள் திட்டத்தில் விடை இல்லை.

ஆனாலும் ஒரு காரியஸ்தரின் திறமை உண்மையில் சோதிக்கப்பட்ட இடம் பேரம்தான். சுரங்கத் தொழிலாளர்கள் நாள்கூலிக்கு வேலை செய்யவில்லை. நால்வரோ அதற்குச் சற்றுக் கூடுதலானோரோ சேர்ந்து ஒரு கூட்டாக வந்து, மலைக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தை வழக்கமாக ஒரு காலாண்டுக்குப் பேசி எடுத்துக்கொள்வார்கள். தாது கிடைக்கும் இடமென்றால் ஒரு பிங் தாதுக்கு இவ்வளவு ஷில்லிங் என்று விலை பேசப்படும்; பிங் என்பது எட்டு ஹண்ட்ரட்வெயிட், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 406 கிலோகிராம். வெறும் பாறையைக் குடைந்து வழி அமைப்பதென்றால், ஆறடி கொண்ட ஒரு ஃபாதமுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். தாது செழித்த இடத்துக்குப் பிங் விலை குறைவு. வறண்ட இடத்துக்கு அதிகம். மெழுகுவர்த்தி, வெடிமருந்து, கருவி தீட்டும் செலவு ஆகியவை தொழிலாளர்களின் கணக்கிலேயே பற்று வைக்கப்படும்.

அடுத்த மூன்று மாதங்களில் அந்தப் பாறை எதைத் தரும் என்பது இரு தரப்பாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாமையின் அளவு இருவருக்கும் ஒன்றல்ல. பாறையில் நாள்தோறும் உளி வைத்தவர்களுக்கு, எப்போதாவது இறங்கிவந்து பார்க்கும் மேற்பார்வையாளரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். காலாண்டு முடியும் தறுவாயில் நல்ல தாது தென்பட்டால், அதைக் கற்களால் மறைத்துவிட்டு, அடுத்த பேரத்தில் வறண்ட இடத்துக்குரிய விலையைப் பேசுவார்கள் என்ற சந்தேகம் நிர்வாகத்தாருக்கு எப்போதும் இருந்தது. விலையை அதிகமாக வைத்துவிட்டால் எசமானுக்குப் பதில் சொல்ல வேண்டும். மிகக் குறைத்து வைத்தால், ஆண்டு முழுதும் உழைத்தும் கடனில் முடிந்த குடும்பங்கள் பள்ளத்தாக்கை விட்டு வேறு சுரங்கத்துக்குப் போய்விடும். அனுபவமுள்ள தொழிலாளரை மறுபடி சேர்ப்பது எளிதல்ல. காலாண்டுக்குக் காலாண்டு ஏறி இறங்கும் இந்த விலைகளைத் தொடர்ந்து படித்துவந்தபோதுதான், நிர்வாகம் என்பது கண்ணுக்குத் தெரியாத பாறைக்கு விலை வைத்து, அந்த விலைக்கு இரு பக்கமும் பதில் சொல்வது என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பொறுப்பைத் தாங்கியவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. அவர்களுடைய தராசின் மறுதட்டில் இருந்தவர்கள்மீது அதைவிட அதிகம்.

கூலிக் கணக்கு முழுமையாகத் தீர்க்கப்படுவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான். அதுவும் தள்ளிப்போவது உண்டு. இடையில் வயிற்றுப்பாட்டுக்கு மாதந்தோறும் முன்பணம் கொடுத்து, பிறகு கணக்கில் கழித்துக்கொள்வார்கள். உருக்கிய ஈயம் விற்று, பணம் நியூகாசிலுக்கு வந்து, அதுவும் சில்லறை நாணயம் அரிதாகக் கிடைத்த அந்நூற்றாண்டில் மலைக்கு ஏறிவர வேண்டும். ஈயச் சந்தை சரிந்தால் அதன் முதல் அடி கூலித் தவணையில் விழுந்தது. அப்படியிருந்தும் அந்த மக்கள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் நிலம். சுரங்கத் தொழிலாளர் பலர் சில ஏக்கர் புல்வெளியும் ஓரிரு மாடுகளும் பொதுமேய்ச்சலில் பங்கும் வைத்திருந்தார்கள். அந்தச் சிறு குத்தகைகளை யாருக்குக் கொடுப்பது, எவ்வளவுக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தது அதே நிர்வாகம். கூலி தாமதமான ஆண்டில் குத்தகைப் பாக்கியைப் பொறுத்துக்கொள்வதும், தானியம் அருகிய ஆண்டில் மொத்தமாக வாங்கிக் கொடுத்துப் பிறகு கூலியில் பிடித்துக்கொள்வதும் கருணையாலும் நடந்தன, கணக்காலும் நடந்தன. எது எவ்வளவு என்று ஒரு கடிதத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் ஒருவருடைய கூலியும் குடியிருப்பும் கடனும் ஒரே கையில் இருந்தபோது, பேரத்தில் உட்காரும் இருவரும் சமமானவர்கள் அல்லர் என்பதை மறந்து அந்தக் கடிதங்களைப் படிக்க முடியாது.

காரியஸ்தருக்கு மேலிருந்த அழுத்தமும் சிறியதன்று. ஆலன்டேல் சுரங்கங்களை நெடுங்காலம் அனுபவித்த சர் வால்ட்டர் கால்வெர்லி பிளாக்கெட், 1734 முதல் 1777இல் இறக்கும்வரை நியூகாசிலின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தேர்தல் செலவு, வாலிங்டனில் தோட்டமும் சாலையும் கட்டடமும், நகரத்துக்குச் செய்த கொடைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் வேண்டிய பணத்தில் ஈயத்தின் பங்கு கணிசமானது. கிரீனிச் மருத்துவமனையின் நிலைமை வேறு. அதன் இயக்குநர்கள் லண்டனில் அமர்ந்திருந்தார்கள். பண்ணையை வடக்கில் இருந்த வரவுப் பொறுப்பாளர்கள் நடத்தினார்கள். 1764இன் இறுதியில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர்களில் ஒருவர், எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய பொறியாளர் ஜான் ஸ்மீட்டன். உடன் பொறுப்பேற்றவர் நிக்கோலஸ் வால்டன். இன்று ஸ்மீட்டனைப் பொறியியலின் முன்னோடியாக அறிந்தவர்கள் பலர். குத்தகை வசூல், பண்ணை வீடு பழுதுபார்ப்பு, வேலி, வடிகால், சுரங்கக் குத்தகைதாரர்கள் நில உரிமையாளருக்குத் தரவேண்டிய பங்குத் தாது என்று ஏறத்தாழ 12 ஆண்டுகள் அவர் கையெழுத்திட்டதை அறிந்தவர்கள் சிலரே. நாடெங்கும் பாலங்களுக்கும் கால்வாய்களுக்கும் அலைந்தவர் இதையும் ஏற்றுச் செய்தார். 1776இல் அவருடைய யோசனைப்படி நென்ட் ஃபோர்ஸ் என்ற நிலத்தடி வழி தொடங்கப்பட்டது. ஆல்ஸ்டனிலிருந்து நென்ட்ஹெட் நோக்கி மலைக்குள் ஏறத்தாழ 5 மைல் நீளத்துக்குக் குடைந்து, மேலுள்ள சுரங்கங்களின் நீரை வடிப்பதும் புதிய தாதுக் கொடிகளைக் கண்டறிவதும் அதன் நோக்கம். அதன் ஒரு பகுதியில் படகு விடும் அளவுக்கு நீர் நின்றது. வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை நெருங்கும்வரை நீண்டது. எதிர்பார்த்த தாது வளம் அதில் கிடைக்கவில்லை. பாறைக்கு விலை வைப்பதில் பிரிட்டனின் ஆகச் சிறந்த பொறியாளருக்கும் நால்வர் கூட்டுக்கும் இருந்த நிச்சயமின்மை ஒன்றே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இயற்கையின் கணக்கும் இடையில் வந்து சேரும். 1771 நவம்பரில் டைன் ஆற்றில் வந்த பெருவெள்ளம், நியூகாசில் உட்பட அந்த ஆற்றின் பாலங்களில் கார்பிரிட்ஜ் பாலம் தவிர ஏறத்தாழ அனைத்தையும் அடித்துச் சென்றது. மலையிலிருந்து ஈயம் இறங்கும் வழியும், மலைக்குத் தானியம் ஏறும் வழியும் ஒரே நேரத்தில் அறுந்தன.

சுருக்கம் எழுதும்போது நான் மிகவும் கவனம் செலுத்தியது புகையைப் பற்றிய வரிகளில். உருக்காலையின் புகை படிந்த புல்லை மேய்ந்த குதிரைகளும் மாடுகளும் நோயுற்று இறந்தன. குடியானவர் முறையிட்டால், நிர்வாகம் குத்தகையில் ஒரு தொகையைத் தள்ளுபடி செய்யும். சில வேளைகளில் அந்த வயலை வாங்கிவிடும் அல்லது தானே எடுத்துக்கொள்ளும். அதேபோல, மலைச்சரிவில் அணை கட்டி நீரைத் தேக்கித் திடீரெனத் திறந்துவிட்டு மேல்மண்ணை அரித்துத் தாதுக் கொடியை வெளிக்கொணரும் முறையால், கீழேயிருந்த புல்வெளிகளில் சேறும் கல்லும் படிந்தன. இவை எல்லாம் கணக்கில் 'தள்ளுபடி' என்ற ஒற்றைச் சொல்லாக முடிந்துவிடும். காரணம் கடிதத்தில் மட்டுமே இருக்கும். மாட்டுக்கு வந்தது மனிதருக்கும் வந்திருக்க வேண்டும். உலையின் முன்னே நின்றவர்களின் உடல்நிலை பற்றி நான் படித்த கடிதங்கள் பெரும்பாலும் பேசவில்லை. கழுவும் களத்தில் தாதை உடைத்துச் சலித்த சிறுவர்களும் அப்படியே. அவர்கள் கூலித் தொகையாக வருகிறார்கள், மனிதர்களாக வருவதில்லை. மேலே இருப்பவருக்கு எழுதிய கடிதத்தில் கீழே இருப்பவர் எவ்வளவு தெரிவார் என்ற வரம்பு ஆவணத்திலேயே இருக்கிறது. அதனால் கடிதத்தில் எந்தத் தொழிலாளியின் பெயரோ, எந்தக் குடியானவரின் வயலோ ஒருமுறை தலைகாட்டினாலும் அதைச் சுருக்கத்தில் சேர்த்தே தீர வேண்டும் என்று நான் வைத்துக்கொண்ட வழக்கத்தை, வேலை தாமதமாகிறது என்ற முணுமுணுப்பு எழுந்தபோதும் நான் விடவில்லை.

இறுதியில் இரண்டு வரிசைகள் என்ற திட்டம் கைவிடப்பட்டது. காரியஸ்தர் எழுதிய வரிசையிலேயே ஏடுகளை வைத்து, ஒவ்வொரு கடிதத்துக்கும் அதில் வரும் இடம், ஆள், பொருள் அனைத்தையும் குறிச்சொற்களாகச் சேர்க்கலாம் என்று மூத்த சக பணியாளர் ஒருவர் முன்வைத்த யோசனை ஏற்கப்பட்டது. அதன் பயன் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. டைன், வியர், ஸ்வேல் ஆறுகளின் கரை வண்டல்களில் அந்தக் காலத்து ஈயம் இன்றும் தங்கியிருக்கிறது. வெள்ளம் வரும்போது அது மீண்டும் புல்வெளிகளில் படிகிறது. மண்ணைச் சோதிப்பவர்களுக்கு, உலை எங்கே இருந்தது என்பதைப் பழைய வரைபடம் சொல்லிவிடும். பழைய உருக்காலை இருந்த டியூக்ஸ்ஃபீல்டு போன்ற இடத்தில் எஞ்சி நிற்கும் கல் வளைவுகளே அதைச் சொல்லும். ஆனால் எந்த வயலில் கால்நடை செத்தது, எந்த ஓடையை எந்த ஆண்டில் திருப்பினார்கள், எந்தக் களத்தின் கழிவு யாருடைய எல்லைக்குள் சரிந்தது என்பதை வரைபடம் சொல்லாது. அந்த விவரங்களைத் தேடி வந்தவர்களுக்கு நாங்கள் எடுத்துக்கொடுத்தவை, குத்தகையைக் குறைக்கும்படி ஒரு குடியானவர் கேட்டதைக் காரியஸ்தர் ஈய விலைக்கும் தாதுக் கணக்கிற்கும் நடுவே எழுதி அனுப்பிய கடிதங்கள்.