பெயரில்லாத ஒரு வரி

கோவையில் மோட்டார் தயாரிக்கும் ஆலை ஒன்றின் சோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். மின் சாதனங்களுக்கான உலகத் தரநிலைகளை வகுக்கும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐஇசி) 2010 முதல் நடத்திவரும் இளம் வல்லுநர் திட்டத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டாம் முறைதான் தேர்வானேன்.

இத்திட்டத்துக்கு ஆட்களைத் தேர்வு செய்பவை அந்தந்த நாட்டின் தேசியக் குழுக்கள். நம் நாட்டில் அப்பொறுப்பு இந்திய தர நிர்ணய அமைவனத்தினுடையது. அங்கே மோட்டார் போன்ற சுழல் மின்பொறிகளுக்கான குழுவான ஈடிடி 15-இல் எங்கள் நிறுவனத்தின் மாற்று உறுப்பினராக இருந்த நான், கலந்துகொண்ட கூட்டங்களின் பட்டியலை முதல் விண்ணப்பத்தில் பெருமையாக எழுதியிருந்தேன். கூட்டத்துக்குப் போனதையே சாதனையாகக் கருதியது என் பிழை.

குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர்தான், தரநிலை வரைவுகள் பற்றிக் கருத்து அனுப்பும் படிவத்தை எடுத்துக் காட்டினார். அதில் நாட்டின் குறியீடு, பிரிவு எண், கருத்தின் வகை, கருத்து, முன்மொழியும் மாற்றம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். "குறை சொல்ல எல்லோரும் வருவார்கள் தம்பி, மாற்று வாக்கியத்தை எழுதித் தர ஆள் இல்லை" என்றார். என் பழைய படிவங்களைப் புரட்டியபோது, முன்மொழியும் மாற்றத்துக்கான கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

அடுத்து வந்த வரைவு ஒன்றில், மோட்டார் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்கும் வெப்ப உயர்வுச் சோதனை பற்றிய ஒரு வாக்கியம் இரு பொருள் தருவதாக எனக்குப் பட்டது. ஐம்பது கிலோவாட் வரையிலான மோட்டார் என்றால், மின்சாரத்தை நிறுத்திய 30 நொடிக்குள் சுருளின் மின்தடையை அளந்தாக வேண்டும். கிளிப்பை மாட்டுவதற்குள் கை பதறும். அந்தப் பதற்றம் தெரிந்தவன் என்பதால், மாற்று வாக்கியத்தை ஏழெட்டு முறை அடித்துத் திருத்தி எழுதினேன். நம் குழு அதை ஏற்று, இந்தியாவின் கருத்தாக அனுப்பியது. இரண்டாம் விண்ணப்பத்தில் இதைத் தவிர வேறு எதையும் நான் பெரிதாக எழுதவில்லை.

2025 செப்டம்பரில் புது தில்லியில் நடந்த ஐஇசி பொதுக்கூட்டத்தையொட்டி எங்களுக்கான பயிலரங்கு நடந்தது. வாக்கெடுப்பு விதிகளை வகுப்பில் கேட்பதைவிட, தொழில்நுட்பக் குழுவின் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, ஒரே ஒரு சொல்லுக்காக நடந்த நீண்ட வாதத்தைப் பார்த்ததில்தான் அதிகம் கற்றேன். திட்டத்தின் இளம் தலைவர்களைப் பயிலரங்கின் பங்கேற்பாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். நான் போட்டியிடவில்லை, ஆனால், குழுப் பயிற்சியில் எங்கள் மேசையில் எதிரெதிராக நின்ற இருவரையும் ஒரே வாக்கியத்துக்குச் சம்மதிக்க வைத்த பெண்ணுக்கு யோசிக்காமல் வாக்களித்தேன்.

ஊர் திரும்பியபின் ஆண்டு மதிப்பீட்டுக்காக, ஐஇசி சுற்றுக்கு விட்ட கருத்துத் தொகுப்பில் என் வாக்கியம் 'ஏற்கப்பட்டது' என்றிருந்த பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். நாடு என்ற கட்டத்தில் 'ஐஎன்' என்று மட்டும் இருந்தது. மேலாளர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.